3டி படம் சரியாகத் தெரியவில்லையா? குறை சீட்டிலா, கண்ணாடியிலா, கண்ணிலா என்று கண்டுபிடிப்பது எப்படி

ஒரே 3டி படத்தை ஒரே காட்சியில் பார்த்துவிட்டு வெளியே வரும் இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு அம்பு மூக்கு நுனி வரை வந்திருக்கும். இன்னொருவருக்குத் தலைவலிதான் மிச்சம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். சாதாரணப் படத்தில் திரையில் இருப்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். 3டியில் ஆழம் என்று ஒன்று திரையில் கிடையாது. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குக் கொஞ்சம் விலகிய இன்னொரு படம், இரண்டையும் வைத்து மூளை போடும் கணக்குதான் ஆழம். ஆங்கில அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே இரண்டு தட்டைச் சித்திரங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி இதை நிரூபித்துவிட்டார். அந்தக் கணக்கில் நீங்கள் எத்தனை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும் சேர்கிறது, உங்கள் மூக்கின் மேல் என்னென்ன இருக்கின்றன என்பதும் சேர்கிறது.

நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கண்ணாடி போட்டவன். 3டி படம் சரியாகத் தெரியாதபோதெல்லாம் "கண்ணாடி போட்டவனுக்கு இவ்வளவுதான்" என்று விட்டுவிடுவேன். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் சீட்டின் குறை என்று தெரிந்தது. கீழே குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். குழப்பம் வராமல் இருக்க, உங்கள் சொந்தக் கண்ணாடியைப் பவர் கண்ணாடி என்றும், அரங்கில் கொடுப்பதை 3டி கண்ணாடி என்றும் சொல்கிறேன்.

எந்தக் குறையானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

3டி கண்ணாடியைப் போட்டபடியே இடது கண்ணை மூடி ஐந்து நொடி, வலது கண்ணை மூடி ஐந்து நொடி திரையைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே ஒரு தெளிவான படம் தெரிய வேண்டும்.

ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதே உருவத்தின் பக்கத்தில் மெல்லிய நிழல் போல இன்னொரு உருவம் தெரிந்தால், மற்றக் கண்ணுக்கான படம் இந்தக் கண்ணுக்குள் கசிகிறது. அது 3டி கண்ணாடியின் அல்லது அரங்கின் கோளாறு. ஒரு கண்ணில் மட்டும் மங்கலாக இருந்தால் பவர் கண்ணாடியையோ அழுக்கையோ சந்தேகப்படுங்கள். தனித்தனியாக இரண்டும் தெளிவாக இருந்து, சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் சிரமம் என்றால் சீட், அல்லது கண்கள் இரண்டும் ஒத்துழைப்பதில் சிக்கல். இந்தப் பத்து நொடிச் சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் 3டி கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு கண்ணாடியோடு அவரிடம் போனால் கண்ணாடி, உங்களிடமே நின்றால் வேறு ஏதோ.

"எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிகிறது"

இந்தப் புகார்தான் அதிகம். இதற்குள் இரண்டு வேறு வியாதிகள் இருக்கின்றன. ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் இரட்டை போகவில்லை என்றால் அது கசிவு. ஒரு கண்ணை மூடியதும் இரட்டை மறைந்துவிட்டால், இரண்டு படங்களையும் மூளையால் ஒன்றாக்க முடியவில்லை என்று பொருள். மருந்து வெவ்வேறு.

கசிவை முதலில் பார்ப்போம். பேட்டரி இல்லாத லேசான பிளாஸ்டிக் 3டி கண்ணாடிகள் பெரும்பாலும் போலரைசேஷன் முறையில் வேலை செய்பவை. பள்ளி இயற்பியலில் தளவிளைவு என்று படித்திருப்போமே, அதுதான்; ஒளி அலை அதிரும் விதத்தை வைத்து இடது, வலது படங்களைப் பிரிக்கும் முறை. இதில் அதிர்வு ஒரே கோட்டில் இருக்கும் நேர்கோட்டு வகை, அதிர்வு சுழன்றபடி வரும் வட்ட வகை என இரண்டு உண்டு. நேர்கோட்டு வகையில் தலையைச் சற்றுச் சாய்த்தாலே கசிவு தொடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்து பார்க்கும் காதலர்களுக்குப் பாதிப் படம் இரட்டையாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். வட்ட வகையில் தலையைச் சாய்த்தாலும் கசிவு பெரிதாக வராது. ஆனால் திரையில் இரண்டு படங்களும் இட வலமாகத்தான் விலகியிருக்கின்றன, உங்கள் கண்களோ மேலும் கீழுமாகச் சாய்ந்துவிட்டன. எனவே மூளைக்குச் சேர்க்கும் வேலை கஷ்டமாகும். எந்த வகையானாலும் தலை நேராக இருக்கட்டும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டுமா? 3டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்த கண்ணின் வில்லை கறுப்பாகவும், மூடிய கண் தெளிவாகவும் தெரிந்தால் வட்ட வகை. தலைகீழாக, திறந்த கண் தெரிந்து மூடிய கண் கறுத்திருந்தால் நேர்கோட்டு வகை. பிரதிபலிக்கும்போது வட்டச் சுழற்சியின் திசை மாறிவிடுகிறது, நேர்கோடு அப்படி மாறுவதில்லை. அதனால் வரும் விளையாட்டு இது. இடைவேளையில் கைகழுவும் இடத்தில் செய்து பார்க்கலாம், யாராவது விசித்திரமாகப் பார்த்தால் நான் பொறுப்பல்ல.

அடுத்து, பவர் கண்ணாடிக்காரர்கள் மட்டும் செய்யும் ஒரு தவறு. 3டி கண்ணாடி கண்ணுக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்து அதை முதலில் மாட்டிக்கொண்டு, மேலே பவர் கண்ணாடியை வைப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். திரையிலிருந்து வரும் ஒளி அப்போது பவர் கண்ணாடி வழியாக நுழைந்த பிறகுதான் 3டி வில்லைக்கு வருகிறது. பவர் வில்லை பாலிகார்பனேட்டாக இருந்தால், அச்சில் வார்க்கும்போது அதற்குள் தங்கிப்போன அழுத்தம் ஒளியின் தளவிளைவைக் கலைத்துவிடும். கலைந்த ஒளியை 3டி வில்லையால் சரியாகப் பிரிக்க முடியாது. விளைவு, திட்டுத் திட்டாகக் கசிவு. பவர் கண்ணாடி உள்ளே, 3டி கண்ணாடி வெளியே, அதுதான் சரியான வரிசை. பிரிக்கும் வேலை முடிந்த பிறகு ஒளி பாலிகார்பனேட்டுக்குள் எப்படிப் போனாலும் கவலை இல்லை.

3டி கண்ணாடியை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்தாலும் வட்ட வகை வேலை செய்யாது, அதற்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. பவர் கண்ணாடிக்கு மேல் காது பிடி சரியாக மாட்டவில்லை என்று கையில் திருப்பிப் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு இது பொருந்தும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கசிந்தால், உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். சினிமாவை நாம் பேச்சுக்கு வெள்ளித்திரை என்கிறோம். போலரைசேஷன் அரங்கில் அது பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே உலோகப் பூச்சுள்ள வெள்ளித்திரைதான். சாதாரண வெள்ளைத் திரை தளவிளைவைச் சிதறடித்துவிடும். இந்த உலோகப் பூச்சும் நேராகப் பார்ப்பவருக்குத்தான் சிறப்பாக வேலை செய்யும். ஓரத்து சீட்டில் கோணம் அதிகமாக ஆக, கசிவும் கூடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் இடங்களில்தான் இது நன்றாகத் தெரியும். எனவே தொடக்க எழுத்துகள் ஓடும்போதே கவனித்துவிடுங்கள். நடு சீட்டில் இருப்பவருக்கும் அதே நிழல் தெரிகிறது என்றால் அது அரங்கின் குறை, நீங்கள் கழுத்தைத் திருப்பிப் பயனில்லை.

இனி இரண்டாவது வகை. ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைகிறது. குறிப்பாக ஏதாவது முன்னால் பாய்ந்து வரும்போது மட்டும் உடைந்து இரண்டாகிறது. பெரும்பாலும் திரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பீர்கள். திரையில் இரண்டு படங்களுக்கும் நடுவே 6.3 சென்டிமீட்டர் விலகல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது 0.18 டிகிரி கோணம். 6 மீட்டரில் இருப்பவருக்கு அதே விலகல் 0.6 டிகிரி. மூன்று மடங்குக்கு மேல். ஒரு டிகிரியை நெருங்க நெருங்க இரண்டையும் ஒன்றாக்க நிறையப் பேர் திணறுவார்கள். நாலைந்து வரிசை பின்னால் போனாலே பலருக்குச் சரியாகிவிடும்.

"முன் வரிசையில் உட்கார்ந்தும் ஆழமே தெரியவில்லை"

முன்னால் போனால் 3டி தூக்கலாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நானும் அப்படி நம்பி முன் வரிசைக்கு அடித்துப் பிடித்துப் போனவன். நடப்பது நேர் எதிர்.

பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 6.3 சென்டிமீட்டர். திரையில் இரண்டு படங்கள் இட வலம் மாறி, அதே 6.3 சென்டிமீட்டர் விலகியிருந்தால், இரண்டு பார்வைக் கோடுகளும் உங்களுக்கும் திரைக்கும் சரிபாதியில் வெட்டிக்கொள்ளும். பொருள் அங்கே மிதப்பதாகத் தோன்றும். நீங்கள் 20 மீட்டரில் இருந்தால் அது திரையை விட்டு 10 மீட்டர் வெளியே வந்துவிட்டது. 6 மீட்டரில் இருந்தால் வெறும் 3 மீட்டர். திரைக்குப் பின்னால் போகும் ஆழமும் இப்படித்தான். இரண்டு படங்களும் இட வலம் மாறாமல், விலகல் கண் இடைவெளியில் பாதி என்றால், நீங்கள் திரையிலிருந்து எவ்வளவு தூரமோ அதே அளவு திரைக்குப் பின்னால் அந்தப் பொருள் போய் நிற்கும். 6 மீட்டர்காரருக்கு 6 மீட்டர், 20 மீட்டர்காரருக்கு 20 மீட்டர்.

அதாவது பின்னால் போகப் போக ஆழம் இழுபடும், முன்னால் வர வர நசுங்கும். உருவத்தின் அகல உயரம் திரையோடு நிற்க, ஆழம் மட்டும் சுருங்குவதால் முன் வரிசைக்காரருக்குப் பந்து தட்டையான வடை போலத் தெரியும். கடைசி வரிசைக்காரருக்கு அதே பந்து முட்டை போல நீண்டுவிடும். முகங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருக்கின்றன என்று தோன்றினால், பாதிச் சமயம் காரணம் சீட்தான். மீதிப் பாதி படம் எடுத்த விதம், அதற்கு நம்மிடம் வைத்தியம் இல்லை. முன் வரிசையின் கொடுமை என்னவென்றால், ஆழம் குறைந்துவிடும், ஆனால் கண்ணுக்கு வேலை மட்டும் மேலே பார்த்த கணக்குப்படி மூன்று மடங்காகும்.

அப்படியானால் கடைசி வரிசைதான் சிறந்ததா? அதுவும் இல்லை. தூரம் போகப் போகத் திரை சிறுத்து, அதன் நான்கு விளிம்புகளும் ஒரு ஜன்னல் சட்டம் போலக் கண்ணில் நிற்கும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட பொருளின் கை, ஜன்னல் சட்டத்தால் வெட்டுப்பட்டால் மூளை குழம்பும். முன்னால் இருக்கும் பொருளைப் பின்னால் இருக்கும் சட்டம் எப்படி மறைக்க முடியும்? உடனே அந்தப் பொருளைத் திரைக்கே திருப்பி அனுப்பிவிடும், மாயம் கலைந்துவிடும். திரை கண்ணில் ஓரளவு நிறைந்திருந்தால் விளிம்பு அவ்வளவாக உறுத்தாது.

எனக்குப் பிடித்த இடம் இப்படி. திரை கண்ணில் கிட்டத்தட்ட 36 டிகிரி அகலத்துக்கு விரிய வேண்டும். 12 மீட்டர் அகலத் திரைக்கு அது சுமார் 18.5 மீட்டர் தூரம். அதாவது திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. சாதாரண அரங்கில் நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால், பின்சுவர் வரை போகாமல். பக்கவாட்டில் நட்ட நடு. டிக்கெட் எடுக்கும்போது சீட் வரைபடத்தில் தூரமா, நடுவா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் நடுவைத்தான் எடுப்பேன். காரணம் அடுத்த குறையில் இருக்கிறது.

"உருவங்கள் கோணலாகச் சாய்ந்து தெரிகின்றன"

ஓரத்து சீட். முன்னால் வரும் பொருள் எப்போதும் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் இடையிலுள்ள கோட்டில்தான் நிற்கும். நீங்கள் இடது ஓரத்தில் இருந்தால் அதுவும் இடது பக்கம் இழுபட்டு வரும், பின்னணி எதிர்ப்பக்கம் நழுவும். செவ்வக அறை சாய்சதுரமாகிவிடும். (இதனால்தான் திரையிலிருந்து பாயும் அம்பு அரங்கிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குறிவைப்பது போலத் தோன்றுகிறது. உங்கள் மேல் மட்டும் கோபம் இல்லை.) இரண்டு மூன்று சீட் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். நகர இடமில்லை என்றால் கொஞ்ச நேரத்தில் மூளை ஓரளவு பழகிக்கொள்ளும். ஆனால் ஒளியும் கசிவும் பழகாது.

"மங்கலாக இருக்கிறது"

முதலில் துடையுங்கள். சிரிக்காதீர்கள். பவர் கண்ணாடியோடு சேர்த்து ஒரு கண்ணுக்கு முன் நான்கு பரப்புகள் இருக்கின்றன, இரண்டு கண்ணுக்கு எட்டு. எட்டில் ஒன்றில் கைரேகை இருந்தால் போதும். 3டி வில்லைகள் எளிதில் கீறல் விழும், அதனால் சட்டை நுனி வேண்டாம், மென்மையான துணி நல்லது.

துடைத்தும் மங்கல் போகவில்லை என்றால், 3டி படத்துக்குப் பவர் கண்ணாடி வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டீர்களா? நிறையப் பேர் செய்வது இது. 3டி கண்ணாடிக்குப் பவர் கிடையாது. அது படத்தைப் பிரிக்குமே தவிரத் தெளிவாக்காது. கிட்டப்பார்வை உள்ளவர் பவர் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் மங்கிய படத்தின் மங்கிய ஆழம்தான் கிடைக்கும். இரண்டு கண்ணின் பவரும் வெவ்வேறு என்றால் இன்னும் மோசம். இரண்டு கண்ணும் ஒரே அளவு மங்கினால்கூட மூளை ஓரளவு சமாளித்துவிடும், ஒரு கண் மட்டும் மங்கினால்தான் ஆழம் சட்டென்று சரிந்துவிடும்.

வெள்ளெழுத்துக்காகப் படிக்கும் கண்ணாடி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர் அறிவுரை. அதைக் கழற்றுங்கள். பொருள் உங்கள் மூக்கருகே நிற்பது போலத் தோன்றினாலும் கண் குவிய வேண்டியது திரையில்தான், திரை தூரத்தில் இருக்கிறது. ஒரு கண்ணுக்குத் தூரம், இன்னொரு கண்ணுக்குக் கிட்டம் என்று கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கும் 3டி சுவைக்காது. தூரப் பவர் கண்ணாடி தனியாக இருந்தால் அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு போங்கள்.

புரோகிரசிவ், பைஃபோகல் வில்லைக்காரர்களுக்கு சீட்டும் கண்ணாடியும் சேர்ந்து ஒரு கண்ணி வைக்கின்றன. இந்த வில்லைகளில் தூரத்துக்கான பகுதி மேலே, படிப்பதற்கானது கீழே. செங்குத்தாக உயரும் அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தியபடி கண்ணை மட்டும் தாழ்த்தித் திரையைப் பார்த்தால், பார்வை கீழ்ப்பகுதி வழியாகப் போகும். மங்கல்தான். மல்லாந்து சாயும் சொகுசு சீட்டிலும் இதே கதை. தலை பின்னால் சாய, கண் கீழ்ப்பகுதி வழியே நோக்கும். முகவாயைக் கொஞ்சம் இறக்குங்கள், அல்லது சாய்வைக் குறையுங்கள். 3டி கண்ணாடியின் கனத்தில் பவர் கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்கியிருந்தாலும் பார்வை மேல்விளிம்பில் தட்டும், மேலே தள்ளிவிடுங்கள்.

"இருட்டாக இருக்கிறது"

ஓரளவுக்கு இது முறையின் குணம். திரைக்கு வரும் ஒளியை இரண்டு கண்ணுக்கும் பங்கு பிரிக்க வேண்டும், வழியில் இருக்கும் வடிகட்டிகளும் விழுங்கும். சாதாரணப் படத்துக்கான தர அளவு 14 ஃபுட் லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டியில் கண்ணை வந்தடைவது பல அரங்குகளில் 4.5 அளவில்தான், மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் நீங்களே கூட்டும் இருட்டும் உண்டு.

வெயிலில் கறுக்கும் போட்டோகுரோமிக் வில்லையோடு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தால் அது வெளுக்கச் சில நிமிடங்கள் ஆகும். விளம்பரம் ஓடும் நேரத்திலேயே வந்துவிடுவது நல்லது. பவர் வைத்த கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு வந்து, வேறு கண்ணாடி எடுத்து வரவில்லை என்றால் கஷ்டம்தான். அது போலரைஸ்டு வகையாக இருந்தால் 3டி வில்லையோடு மோதி, ஒளியைக் கணிசமாக வெட்டிவிடும்.

திரையின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் இருந்தால் மறுபடியும் ஓரத்து சீட். வெள்ளித்திரை ஒளியை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பாது, நேர் எதிரே அதிகமாகத் திருப்பி அனுப்பும். நடுவில் இருப்பவருக்கே இருட்டு என்றால் புரொஜெக்டர் விளக்குப் பழசாகியிருக்கலாம்.

"தலைவலி, கண்வலி, குமட்டல்"

வீட்டில், தெருவில் ஒரு பொருளைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் எந்த இடத்தில் சேருகின்றனவோ அதே இடத்தில்தான் குவியமும் இருக்கும். இரண்டும் பிறந்ததிலிருந்து ஜோடி. 3டியில் கண்கள் சேர்வது மிதக்கும் பொருளிடம், குவிவது திரையில். ஜோடியைப் பிரித்து வைத்து இரண்டு மணி நேரம் வேலை வாங்கினால் வலிக்கத்தான் செய்யும். திரை தூரமாக இருந்தால் இந்த முரண்பாடு குறையும். எனவே தலைவலிக்காரர்களுக்கு முதல் வைத்தியம் பின் வரிசை. குமட்டல் வருபவர்களுக்கும் அதுதான். திரை கண்ணின் ஓரங்கள் வரை நிறைந்திருக்க, கேமரா பாய்ந்து பறக்க, உடம்பு மட்டும் அசையாமல் இருந்தால் வயிறு ஒத்துக்கொள்ளாது.

வலி தொடங்கியதும் கண்ணை மூடி அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள், அல்லது 3டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை விட்டு வேறெங்காவது பாருங்கள். முன்னால் மிதக்கும் பொருளையே வெறித்துத் துரத்தாமல், காட்சியில் இயக்குநர் எதைத் தெளிவாக வைத்திருக்கிறாரோ அதைப் பாருங்கள். வேண்டுமென்றே மங்கலாக விடப்பட்ட பின்னணியைத் தெளிவாக்க முயன்றால் கண் சும்மா மல்லுக்கட்டும், அது ஒருபோதும் தெளிவாகாது. கீழே ஓடும் வசன எழுத்து ஒரு ஆழத்திலும் முகம் இன்னொரு ஆழத்திலும் இருக்கும் படங்களில் கண் ஒவ்வொரு வரிக்கும் முன்னும் பின்னும் ஓட வேண்டும். மொழி புரியும் பதிப்பு ஓடினால் அதற்குப் போங்கள்.

கூட வருபவருக்கு 3டி ஆகவே ஆகாது, உங்களுக்கோ 3டிதான் வேண்டும் என்றால் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு 3டி கண்ணாடிகளிலிருந்து இரண்டு இடது வில்லைகளை எடுத்து ஒரே சட்டத்தில் பொருத்தினால் இரண்டு கண்ணும் ஒரே படத்தைப் பார்க்கும். அவருக்கு அது சாதாரணப் படம். சொந்தமாக வாங்கிய கண்ணாடியில் மட்டும் செய்யுங்கள், அரங்கத்தின் கண்ணாடியை உடைக்காதீர்கள்.

"கண்ணாடி மேல் கண்ணாடி நிற்கவில்லை, ஓரம் வெட்டுகிறது"

பவர் கண்ணாடி உள்ளே இருப்பதால் 3டி கண்ணாடி முகத்தை விட்டு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ஜன்னலை விட்டு நகர்ந்தால் வெளிக்காட்சி சுருங்குவது போல, வில்லை தள்ளிப் போகப் போகத் தெரியும் பரப்பு சுருங்கும். முன் வரிசையில் திரையின் இரு ஓரங்களும் சட்டத்துக்கு வெளியே போய்விடும். உங்கள் சட்டம் பெரியது என்றால் சீட்டைப் பின்னால் எடுங்கள், திரை வில்லைக்குள் அடங்கிவிடும். பவர் கண்ணாடிக்காரர்களுக்குப் பின் வரிசை பொருந்துவதற்கு இது இன்னொரு காரணம்.

3டி காட்சிக்குப் போகும் நாளில், உங்களிடம் இரண்டு பவர் கண்ணாடி இருந்தால் சிறிய, மெல்லிய சட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 3டி கண்ணாடியின் மூக்குப் பகுதி உங்கள் மூக்கில் இல்லாமல் பவர் கண்ணாடியின் நடுப்பாலத்தில் உட்காரட்டும். காது பிடி பவர் கண்ணாடியின் பிடிக்கு வெளியே வரட்டும். வழுக்கினால் நடுவே மடித்த மெல்லிய காகிதக் கைக்குட்டையைச் சொருகுங்கள், அழகாக இருக்காது, இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள். பவர் சட்டத்தின் மேல் கவ்விக்கொள்ளும் 3டி வில்லைகளும் விற்கின்றன, வாங்குமுன் நீங்கள் போகும் அரங்கின் முறை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வட்ட வகைக்கு வாங்கியது நேர்கோட்டு அரங்கில் உதவாது. கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பின்னாலிருந்து வரும் படிக்கட்டு விளக்கோ வெளியேறும் வாசல் விளக்கோ இரண்டு வில்லைகளுக்கும் நடுவே பட்டுத் தெறித்து, படத்தின் மேல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இரண்டு சீட் நகருங்கள். முடியாவிட்டால் நெற்றிப்பொட்டின் பக்கம் கையை மறைப்பாக வைத்துப் பாருங்கள், எந்த விளக்கு என்றாவது தெரிந்துவிடும்.

"முகம் குழியாகவும் பின்னணி மேடாகவும் தெரிகிறது"

இடது படமும் வலது படமும் இடம் மாறிவிட்டன. அபூர்வம், ஆனால் நடக்கும். எனக்கு ஒரு அரங்கில் நடந்திருக்கிறது. அரை மணி நேரம் எல்லோரும் பேசாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தோம், யாருக்கும் என்ன தவறு என்று சொல்லத் தெரியவில்லை. சோதனை மிக எளிது. 3டி கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இடது வில்லை வலது கண்ணுக்கும் வலது வில்லை இடது கண்ணுக்கும் வரும். இப்போது ஆழம் சரியாகிவிட்டால் குறை புரொஜெக்டர் அறையில். எழுந்து போய் "இடது வலது மாறியிருக்கிறது" என்று சொல்லுங்கள். "படம் சரியில்லை" என்று சொன்னால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"ஒரு கண் திடீரென்று கறுத்துவிட்டது, படம் சிமிட்டுகிறது"

கனமான, பேட்டரி உள்ள 3டி கண்ணாடி. இதில் வில்லைகள் மாறி மாறித் திறந்து மூடும், திரையில் வரும் படங்களோடு தாளம் தப்பாமல். தாளம் அகச்சிவப்பு ஒளி வழியாக வருவதாக இருந்தால், முன் சீட்டுக்காரரின் தலையோ, நெற்றியில் விழும் உங்கள் முடியோ மறைத்தாலும் தப்பிவிடும். மறைப்பை விலக்குங்கள், சரியாகவில்லையா, பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றிக் கேளுங்கள்.

"பெரியவர்களுக்குச் சரி, குழந்தை மட்டும் கழற்றிக் கழற்றிப் போடுகிறது"

அடம் என்று நினைக்காதீர்கள். சட்டம் பெரிதாக இருந்து வழுக்குவது ஒரு காரணம், சிறிய அளவு கேளுங்கள். இன்னொன்று கண் இடைவெளி. சிறு குழந்தைக்கு அது 5 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். வெகுதூர மலையைக் காட்டத் திரையில் 6.3 சென்டிமீட்டர் விலக்கி வைத்தால், பெரியவரின் பார்வைக் கோடுகள் இணையாக இருக்கும். குழந்தையின் கண்களோ வெளிப்பக்கமாக விரிய வேண்டிவரும். கண்ணுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. 6 மீட்டரில் அந்த விரிவு 0.12 டிகிரி, 20 மீட்டரில் 0.04. குழந்தையோடு போனால் பின் வரிசைதான், விவாதமே வேண்டாம். கழற்றிவிட்டுப் பார்க்கிறேன் என்றால் பார்க்கட்டும்.

"எந்த சீட்டிலும், எந்தக் கண்ணாடியிலும், எனக்கு மட்டும் ஒன்றும் வெளியே வரவில்லை"

மாறுகண் இருந்தவர்கள், சோம்பேறிக் கண் உள்ளவர்கள், ஒரு கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கிவைத்துப் பழகிவிட்டவர்கள், இவர்களுக்கு இரண்டு படங்களிலிருந்து ஆழம் எடுக்கும் திறன் குறைவாக இருக்கும், அல்லது இருக்காது. நிழல், அளவு, அசைவு இவற்றை வைத்து அன்றாட வாழ்க்கையில் ஆழத்தை நன்றாகவே கணித்துவிடுவார்கள். அதனால் இப்படி ஒன்று குறைவதே தெரியாமல் பல வருடம் ஓடியிருக்கும். 3டி அரங்கில்தான் முதன்முதலாகத் தெரியவரும்.

வெவ்வேறு அரங்குகளில், நடு சீட்டில், சரியான பவர் கண்ணாடியோடு பார்த்தும் மற்றவர்கள் கூச்சலிடும் காட்சி உங்களுக்குத் தட்டையாகவே இருந்தால், கண் மருத்துவரிடம் போய் "இரு கண் பார்வைச் சோதனை செய்ய வேண்டும்" என்று கேளுங்கள். எழுத்துப் பலகையை ஒவ்வொரு கண்ணாகப் படித்து 6/6 வாங்குவதால் இது தெரியவராது. முன்பெல்லாம் 3டி நன்றாகத் தெரிந்து, இப்போது திடீரென்று தெரியாமல் போனாலோ, அரங்குக்கு வெளியேயும் பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ அடுத்த படம் வரை தள்ளிப்போடாமல் உடனே போங்கள். குழந்தைக்குத் தட்டையாகத் தெரிகிறது என்று தெரிந்தாலும் அப்படித்தான், சோம்பேறிக் கண்ணுக்குச் சின்ன வயதில் செய்யும் வைத்தியம்தான் நன்றாகப் பலன் தரும்.